கோவிவன் கடித்த கடி

போன ஆடியில் குடும்பத்தோடு படவேடு போயிருந்தோம். ரேணுகாம்பாள் எங்களுக்குக் குலதெய்வம். ஆடி வெள்ளிக்கிழமை மட்டும் போகாதே என்று மாமா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கேட்கவில்லை. சந்தவாசல் தாண்டியதுமே வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. ஒரு பக்கம் வாழைத்தோட்டம், எதிரே ஜவ்வாது மலை, நடுவில் நகராத எங்கள் கார். முன் சீட்டில் மனைவி பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் ஆறாவது படிக்கும் என் மகன், எந்தக் கவலையும் இல்லாமல் போக்கிமான் விளையாடிக்கொண்டிருந்தான்.

திடீரென்று ஒரு கூச்சல். "அப்பா! என் குரோலித் பைட் போட்டுச்சு, எதிரி பயந்து டர்னையே விட்டுட்டான்! ரெண்டாவது தடவ!"

"குரோலித்னா யாருடா?"

"நாய்ப்பா. கார்ட்டூன்ல போலீஸ் வச்சிருக்கும்ல, அது."

வண்டி நகரப்போவதில்லை. எனக்கும் பேச ஆள் வேண்டும். "இந்த மாவட்டத்துலயே ஒரு நாய் இருந்துச்சு தெரியுமா? பேரு கோவிவன். திருடனைக் கடிச்சுது. 1,400 வருஷத்துக்கு முன்னாடியே அதைக் கல்லுல எழுதி வச்சிருக்காங்க" என்றேன். பையன் கேமை நிறுத்திவிட்டான். அது லேசில் நடக்கிற காரியம் இல்லை. முழுக் கதையையும் கேட்டான். கடைசியில் ஒரு கேள்வி: "அந்த நாய் செத்துப்போச்சா?"

"ஆமா. அதுக்குத்தானே கல்லே நட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி வீடு வந்து படுத்தபிறகு அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. எழுந்து கல்வெட்டு வாசகத்தை எடுத்து மறுபடி படித்தேன். நான் சொன்னது அதில் இல்லை. அதைவிட மோசம், நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வலைப்பூவில் "நாய்க்கு நட்ட நடுகல்" என்று தலைப்புப் போட்டு, நாய் செத்ததாகவே எழுதியும் வைத்திருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. திருத்துகிற சாக்கில் கொஞ்சம் சுற்றிவிட்டும் வரலாம்.

முதலில் அந்த கேம்

போக்கிமான் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான விளையாட்டு. உருவாக்கியவர் சதோஷி தாஜிரி. சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த பழக்கம்தான் தனக்கு இதற்கான பொறி என்று அவரே சொல்லியிருக்கிறார். விதவிதமான பிராணிகளைப் பிடித்து, பழக்கி, ஒன்றோடு ஒன்றை மோதவிட வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் நாலு தாக்குதல்கள். முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் தாக்க வேண்டும்.

அந்தத் தாக்குதல்களில் ரொம்பப் பழையது 'பைட்'. கடி, அவ்வளவுதான். அதன் பலம் 60. விளையாட்டின் பெரிய தாக்குதல்களில் ஒன்றான ஹைப்பர் பீமுக்கு 150. அந்தக் கணக்கில் கடி சாதாரண வேலைதான். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். கடிபட்ட பிராணி மிரண்டுபோய் அந்தச் சுற்றில் தன் தாக்குதலைச் செய்யாமலே விட்டுவிட வாய்ப்பு உண்டு. முதல் தலைமுறை விளையாட்டில் அந்த வாய்ப்பு 10 சதவீதம். 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து 30 சதவீதம். இதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. எதிரி அசைவதற்கு முன்னால் நாம் கடித்திருக்க வேண்டும். பிந்திக் கடித்தால் வலி மட்டும்தான், மிரட்சி கிடையாது.

அதாவது கடியின் வேலை கொல்வது இல்லை. எதிரியின் நேரத்தைப் பிடுங்குவது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எருமைக் கூட்டத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இன்னொரு விஷயம். முதல் விளையாட்டில் கடி 'சாதாரண' வகைத் தாக்குதல். இரண்டாம் தலைமுறையில் 'டார்க்' என்று ஒரு புதிய வகையைக் கொண்டுவந்து கடியை அதில் சேர்த்துவிட்டார்கள். ஜப்பானிய மூலத்தில் அந்த வகையின் பெயர் 'அகு'. தீமை என்று பொருள். கடிப்பது கெட்டவன் வேலை, நேர்மையாகச் சண்டை போடுகிறவன் செய்யமாட்டான் என்கிற எண்ணம் அதில் இருக்கிறது. நம்ம ஊர்க் கல் இந்த விஷயத்தில் நேரெதிர்.

எடுத்தனூர்க் கல்

படவேடு ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. மலையின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு போனால் செங்கம். அதற்கும் அப்பால் தண்டராம்பட்டு. இந்தப் பகுதி முழுக்கவே நடுகல் காடு. வயலில், ஏரிக்கரையில், வேப்பமரத்தடியில், வில்லும் குறுவாளுமாக ஒரு வீரன், தலைக்கு மேல் வட்டெழுத்தில் நாலைந்து வரி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது. பல்லவர் காலத்துக் கிராமம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஜன்னல் எனக்குத் தெரிந்து இல்லை.

தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில் இருக்கும் கல் அந்த வரிசையில் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு. கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ராஜாவின் பெயர் அதில் மயீந்திர பருமன் என்று ஊர்வாய்க்கு ஏற்ற மாதிரி வருகிறது. வாணகோ அரைசர் என்ற வாணர் குலத் தலைவரின் மருமக்களான பொற்றொக்கையார், அவரிடம் சேவகம் செய்த இளமகன் கருந்தேவக்கத்தி, அவன் தன் எருமைகளுக்காக நின்று உயிர்விட்டது. இவ்வளவும் முதல் வாசகத்தில் இருக்கிறது.

பசு இல்லை, எருமை என்பதைக் கவனியுங்கள். நடுகல் என்றாலே நமக்கு 'ஆநிரை' என்று இலக்கியச் சொல்தான் வாயில் வரும். இங்கே கொட்டகையில் நின்றது சாதாரண எருமை.

பிறகு இரண்டாவது வாசகம். கோவிவன் என்ற நாய், கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு. இதுதான் அதன் சாரம். வீரனோடு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது.

மாட்டுச் சண்டை நம் நாட்டில் எவ்வளவு பழசு என்பதற்குத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கல்லைச் சொல்வார்கள். தமிழ்-பிராமி எழுத்தில், 'ஆகோள்' என்ற சொல்லே அதில் இருக்கிறது. மாடு கவர்தல் என்று பொருள். தொல்காப்பியம் வெட்சி என்று ஒரு திணையையே இதற்கு ஒதுக்கியிருக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று நடுகல்லுக்கு ஆறு படிநிலைகளும் சொல்கிறது. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. எடுத்தனூர்க் கல் நிற்பது அப்படிப்பட்ட நீண்ட வரிசையில். அந்த வரிசையில் ஒரு நாய்க்குப் பெயரும் ஒரு வினைச்சொல்லும் கிடைத்திருக்கிறது.

செத்ததா?

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

நடுகல் வாசகங்களில் மரணத்துக்கு ஒரு வார்த்தை உண்டு: 'பட்டான்'. தொறு மீட்டுப் பட்டான், புலி குத்திப் பட்டான், எறிந்து பட்டான். இது கிட்டத்தட்ட ஒரு படிவத்தின் கட்டம் மாதிரி. யார், யாருடைய ஆள், எந்தச் சண்டையில், பட்டான், கல். கருந்தேவக்கத்திக்கு அந்தக் கட்டம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கிறது. 'பட்டான் கல்' என்று தெளிவாக வருகிறது.

கோவிவனுக்கு அது இல்லை. பட்டது என்றோ, அதன் கல் என்றோ எழுதவில்லை. கடித்தது, காத்திருந்தது. அவ்வளவுதான்.

ஆக, இது நாய்க்கு நட்ட கல் இல்லை. கருந்தேவக்கத்திக்கு நட்ட கல். அதில் நாய்க்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். 'காத்திருந்தவாறு' என்று முடிவதைப் பாருங்கள். 'வாறு' என்றால் 'விதம்', 'இப்படி இருந்தது' என்று அர்த்தம். படத்துக்குக் கீழே நாம் ஒரு வரி எழுதுகிறோமே, அந்தத் தோரணை. நாயின் உருவத்தைப் பார்த்து 'இது யார், என்ன செய்கிறது?' என்று கேட்பவனுக்குச் சொல்லும் பதில் அது என்பது என் வாசிப்பு.

இன்னொரு சறுக்கல் 'காத்திருந்த' என்ற சொல்லில். இன்றைக்குக் காத்திருப்பது என்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பது. அந்த அர்த்தத்தில் படித்தால், எஜமான் செத்துக் கிடக்க, பக்கத்தில் நாய் உட்கார்ந்து அவன் எழுந்திருப்பான் என்று காத்துக் கிடந்தது என்று கண்ணீர் வரவழைக்கும் கதை தயாராகிவிடும். நாலு வருஷத்துக்கு முன் நான் எழுதியது ஏறக்குறைய அதுதான். யோசித்துப் பார்த்தால் அது எடுத்தனூர்க் கதையே இல்லை. ஜப்பானின் ஹாச்சிகோ கதை. 1925-இல் எஜமான் இறந்தபிறகும் ஷிபுயா ரயில் நிலையத்துக்குத் தினமும் வந்து, 1935-இல் தான் சாகும்வரை காத்திருந்த நாய். எனக்கே தெரியாமல் அதைத் தூக்கி இங்கே வைத்துவிட்டேன்.

கல்லில் இருப்பது காத்து இருந்தது. காவல் நின்றது. கடித்து, காத்து, இருந்தது. மூன்றுமே வேலை. சோகம் எதுவும் சொல்லப்படவில்லை.

என் பிழைப்பு மென்பொருள். நள்ளிரவில் ஏதாவது சிஸ்டம் விழுந்துவிட்டால் முதலில் லாக் ஃபைலைத்தான் திறப்போம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம்: லாகில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் படி, என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தோன்றுவதை அதன்மேல் ஏற்றாதே. 'கனெக்‌ஷன் மூடப்பட்டது' என்று இருந்தால் மூடப்பட்டது, அவ்வளவுதான்; யார் மூடினார்கள் என்பது தனியாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். ஆபீஸில் பத்துப் பேருக்கு இதை உபதேசம் பண்ணிவிட்டு, கல்வெட்டு என்று வந்ததும் நானே ஒரு நாயைச் சாகடித்திருக்கிறேன்.

எருமை, இருட்டு, நேரம்

சரி, ஒரு மாட்டுத் திருட்டில் நாய்க்கடி என்ன சாதிக்கும்?

கள்ளனின் பக்கத்திலிருந்து யோசிப்போம். மாடு கவர்வதில் அவனுக்கு வேண்டியது பலம் இல்லை, நேரம். ஊர் விழிக்கும் முன் கூட்டத்தைக் கிளப்ப வேண்டும். எருமையைக் கிளப்புவது எப்படிப்பட்ட வேலை என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். அது பசு மாதிரி மிரண்டு ஓடாது. அதற்குத் தோன்றினால்தான் நடக்கும். ஒவ்வொரு நிமிஷமும் விலை அதிகம். அந்த நேரத்தில் இருட்டில் ஒரு நாய் காலைக் கவ்விவிட்டால் என்ன ஆகும்? அவன் சாகமாட்டான். ஆனால் கத்துவான், குனிவான், கையில் இருப்பதை வைத்து நாயை அடிப்பான். கூட வந்தவன் திரும்பிப் பார்ப்பான். அதற்குள் ஊர் எழுந்துவிடும்.

கேம் கணக்கில் சொன்னால், ஒரு டர்ன் போயிற்று. பலம் 60 தான். ஆனால் எதிரி அசைவதற்கு முன்னால் விழுந்த கடி.

எடுத்தனூரில் அன்று நிமிஷத்துக்கு நிமிஷம் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. (மேலே இவ்வளவு உபதேசம் செய்துவிட்டு அதையே மறுபடி பண்ணினால் அடிப்பீர்கள்.) ஆனால் வாசகம் எழுதியவர் நாயைப் புகழ எந்தச் சொல்லை எடுத்தார் என்பது கண்முன்னால் இருக்கிறது. சீறியது, பாய்ந்தது, கொன்றது என்றெல்லாம் போகவில்லை. கடித்தது என்றார். பக்கத்திலேயே காத்தது என்றார். தடுப்பதும் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விளையாட்டு தயாரித்தவர்கள் கடியைத் தீமையின் பட்டியலில் வைத்தார்கள். எடுத்தனூர்க்காரர்கள் அதைக் காவலின் பட்டியலில் வைத்தார்கள்.

கோழிகளும் காளியும்

பிராணிகளை நினைவில் வைத்தது எடுத்தனூர் மட்டும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கற்கள்.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு கல். அதில் சண்டைச் சேவல் ஒன்று, கூடவே முகையூர் மேற்சேரியின் கோழி என்று சொல்லும் வாசகம். செங்கல்பட்டுப் பக்கம் இந்தளூரிலும் அப்படி ஒரு கல். அங்கே கீழ்ச்சேரிக் கோழி, பெயர் பொற்கொற்றி. மேற்சேரி, கீழ்ச்சேரி என்ற சொற்களைப் பார்த்தாலே தெரிகிறது, இது தெருவுக்குத் தெரு நடந்த போட்டி. போக்கிமானுக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய சொந்தம் இதுதான். மனிதன் கோட்டுக்கு வெளியே நிற்பான், பிராணி உள்ளே அடித்துக்கொள்ளும். ஜெயித்தால் சேரிக்குப் பெருமை. ஒரு வித்தியாசம், விளையாட்டில் தோற்ற பிராணி மயங்கி விழும், மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் எழுந்துவிடும். காலில் கத்தி கட்டிவிட்ட சேவலுக்கு அந்த வசதி கிடையாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிராணிகளை மோதவிடுவதைக் குற்றமாக்கியது அதனால்தான்.

மூன்றாவது கல் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டம் ஆதகூரில் இருந்தது. இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் கதை நம்ம பக்கம்தான் தொடங்குகிறது. கி.பி. 949 வாக்கில் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரிய போர். யானைமேல் இருந்த சோழ இளவரசர் ராஜாதித்தன் அதில் இறந்தார். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணை நின்றவன் கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரன் அந்தப் போரில் காட்டிய வீரத்தைப் பார்த்து, என்ன வேண்டும் கேள் என்று கிருஷ்ணன் சொன்னபோது, மணலேரன் கேட்டது ஊரோ பொன்னோ இல்லை. காளி என்ற வேட்டை நாயை.

பிறகு ஒருநாள் காளியை ஒரு காட்டுப்பன்றியின் மேல் ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று செத்தன. காளிக்குக் கல் நட்டார்கள். சல்லேசுவரர் கோயில் முன்னால். நிலமும் விட்டார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிடக்கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். கல்லில் நாயும் பன்றியும் மோதும் காட்சி இருக்கிறது.

இதுதான் நாய்க்கு நட்ட கல். நாய் செத்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் செத்தது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆதகூரையும் எடுத்தனூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் நாலு வருஷத்துக்கு முன்னால் நான் சறுக்கியிருக்க மாட்டேன்.

மூன்று விதம் என்று பிரிக்கலாம். பொற்கொற்றி போட்டிக்கு, காளி வேட்டைக்கு, கோவிவன் காவலுக்கு. முதல் இரண்டில் மனிதன் ஏவுகிறான், பிராணி சண்டை போடுகிறது. மூன்றாவதில் மட்டும் மனிதனும் சண்டை போடுகிறான். இன்னும் சொன்னால், அங்கே விழுந்தவனே மனிதன்தான்.

மகேந்திரனின் இன்னொரு நாய்

இதைத் தேடிக்கொண்டிருக்கும்போது தட்டுப்பட்ட ஒரு தற்செயல். எடுத்தனூர்க் கல்லில் பெயர் வரும் அதே மகேந்திரவர்மன் 'மத்தவிலாச பிரகசனம்' என்று சமஸ்கிருதத்தில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியவர். நடக்கும் இடம் காஞ்சிபுரம். குடிபோதையில் இருக்கும் ஒரு காபாலிகனின் கபாலம், அதாவது பிச்சைப் பாத்திரமாக வைத்திருக்கும் மண்டையோடு, காணாமல் போய்விடுகிறது. பௌத்தத் துறவிதான் திருடினார் என்று அவரைப் பிடித்துக்கொண்டு பெரிய ரகளை. கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து அதைப் பிடுங்கிய ஒரு பைத்தியக்காரன் கையில் கபாலம் வந்து சேர்கிறது.

ராஜாவின் நாடகத்தில் நாய் திருடன். அவர் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு கிராமத்துக் கல்லில் நாய் திருடனைக் கடித்தது. நாடகத்து நாய்க்குப் பெயர் கிடையாது. எடுத்தனூர் நாய்க்கு உண்டு. தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நாய் என்பது தெருவில் திரிவது. எருமை வைத்திருப்பவனுக்கு அது ராத்திரி விழித்திருக்கும் ஒரே ஆள். இதற்குமேல் இதில் ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, சொல்லிவிட்டேன்.

திரும்பவும் படவேடு

படவேடு என்ற பெயரே படைவீடு. படை தங்கும் இடம். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகரம். ஊருக்கு மேலே ராஜகம்பீரன் மலையில் அவர்கள் கோட்டை. விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் மதுரைக்குப் போகும் வழியில் முதலில் வீழ்த்தியது இவர்களைத்தான். அவன் மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை 'மதுரா விஜயம்' என்று காவியமாகவே எழுதினார். ராஜாக்களின் சண்டைக்குக் காவியம் கிடைக்கும், கோட்டை மிஞ்சும், ஊருக்கே பெயர் வரும்.

எருமைக்காக ராத்திரியில் நடந்த சண்டைக்குக் கிடைத்தது ஒரு பலகைக்கல். அதில் நாலைந்து வரி. அந்த நாலைந்து வரிக்குள் ஒரு நாயின் பெயரையும் எழுத வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. கல்லில் எழுதுவது கீபோர்டில் தட்டுவது மாதிரி இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உளி பிடிக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். அப்படியிருந்தும் 'ஒரு நாய்' என்று விட்டுவிடாமல் 'கோவிவன் என்ற நாய்' என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியவர்கள் எழுதாமல் விட்டதை நான் சேர்க்கக் கூடாது. எனக்கு உறுத்தியது அதுதான்.

அடுத்த நாள் காலையில் பையன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பிடித்து நிறுத்தினேன். "நேத்து நான் சொன்னது தப்புடா. அந்த நாய் செத்துச்சுன்னு கல்லுல இல்ல. ஆளு செத்துட்டாரு. நாய் கடிச்சுது, காவலுக்கு நின்னுது. அவ்ளோதான் எழுதியிருக்கு."

ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே யோசித்தான். "அப்ப டிரெய்னர் ஃபெயின்ட் ஆயிட்டாரு, நாய் இன்னும் ஃபீல்டுல நிக்குதா?"

"ஆமா."

"கேம்ல அப்படி வராதேப்பா. டிரெய்னருக்கு ஹெச்பியே கிடையாது."

உண்மைதான். அந்த விளையாட்டில் எத்தனை பிராணி மயங்கி விழுந்தாலும் சொந்தக்காரன் மேல் ஒரு கீறல் விழாது. அதை எழுதி முடிக்க எனக்கு இத்தனை பத்தி தேவைப்பட்டிருக்கிறது.

பழைய பதிவை நான் நீக்கவில்லை. தலைப்பை மாற்றிவிட்டேன். நாய் இறந்ததாக எழுதிய வரிகளின் மேல் கோடு போட்டு, கீழே திருத்தமும் தேதியும் சேர்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யாருக்காவது அந்தக் கண்ணீர்க் கதையைச் சொல்லியிருந்தீர்கள் என்றால், தயவுசெய்து அவரிடம் திரும்பச் சொல்லிவிடுங்கள்: கருந்தேவக்கத்தி பட்டான். கோவிவன் கடித்தது, காத்து இருந்தது.